பழைய தோட்டத்து வீட்டைப் படிப்பது, அளப்பது, பழுது பார்ப்பது: சேலம் வட்டாரத்துக்கு ஒரு வழிகாட்டி

ஓமலூர், சங்ககிரி, வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் நிற்கிற ஓட்டு வீடுகளில் பாதிக்கு மேல் ஒரே மூச்சில் கட்டியவை அல்ல. முதலில் ஒரு சாளை (கூரைக் குடிசை) இருந்திருக்கும். அடுத்து அதை ஒட்டி ஓர் ஆசாரம் (முன்கூடம்) எழும்பியிருக்கும். விளைச்சல் நன்றாக இருந்த காலத்தில் தொட்டியை, அதாவது நடுவிலுள்ள திறந்த முற்றத்தைச் சுற்றி மற்ற பக்கங்கள் வந்திருக்கும். கடைசியில் பங்காளிகள் பாகம் பிரித்தபோது நடுவே ஒரு குறுக்குச் சுவர். அதனால் "இந்த வீட்டுக்கு வயசு என்ன?" என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. எந்தச் சுவருக்கு, எந்தக் கூரைக்கு, எந்த நிலைக்கு (கதவுச் சட்டத்துக்கு) என்ன வயசு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். அது தெரியாமல் கொத்தனாரை அழைத்துவிட்டால் மண் சுவர்மேல் சிமெண்டு ஏறும், தேக்கு விட்டத்துக்குமேல் கான்கிரீட் ஏறும். நன்றாக இருந்த வீடு பத்து மழைக்குள் பாழாகும்.

வேலை வரிசை இது: படம், அளவு, வயது, காகிதம், பழுது. இதை மாற்றக் கூடாது. சுவரைச் சுரண்டுவது, வெள்ளையடிப்பது, பழைய ஓட்டைக் கழற்றி எறிவது எல்லாமே சாட்சியை அழிக்கிற வேலைகள். ஒருமுறை அழிந்தால் திரும்ப வராது.

துடைக்கும் முன்

ஒட்டடைகூட அடிக்க வேண்டாம். வாசலில் தொடங்கி வலமாக நடந்து ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் கொடுங்கள். திண்ணை, ஆசாரம், உள்வீடு, அடுப்படி, தாவாரம் (தாழ்வாரம்), தொட்டி, பொடக்காளி (கொல்லைப்புறம்), கட்டுத்தரை (மாடு கட்டுமிடம்) என்று வீட்டில் புழங்கும் பெயரையே எழுதுங்கள். 'அறை 4' என்று மட்டும் எழுதினால் பெரியவர்களிடம் கேட்கும்போது யாருக்கும் புரியாது. ஒவ்வோர் அறையிலும் நான்கு சுவர், தரை, கூரையின் உள்பக்கம் என ஆறு படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் ஒன்று தெரிய வேண்டும். அட்டாலியில் (பரணில்) கிடக்கும் தொம்பை (தானியக் குதிர்), உடைந்த கலப்பை, பழைய ஓடு எதையும் இப்போது வெளியே தள்ளாதீர்கள். தொம்பை எங்கே நின்றது என்பதை வைத்துத்தான் எது தானிய அறையாக இருந்தது என்று சொல்ல முடியும்.

இரவில் ஒருமுறை டார்ச் விளக்கோடு போய்ப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், பகலில் சமமாகத் தெரிந்த சுவரில் அடைத்த ஜன்னல், மூடிய மாடாக்குழி (விளக்கு மாடம்), பூச்சுக்கு அடியில் ஓடும் விரிசல் எல்லாம் நிழல் கட்டித் தெரியும். நிலைக்கதவின் மேல்கட்டையையும் நடுவிட்டத்தையும் அதேபோலச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். வருஷம் செதுக்கியிருந்தால் பெயிண்டுக்கு அடியிலும் கோடு தெரியும். பழைய தச்சர்கள் தமிழ் எண்களில், இடமதிப்பு முறை இல்லாமல் எழுதியிருக்கலாம். ௲௯௱௨௰௭ என்று இருந்தால் ஆயிரம், ஒன்பது நூறு, இரண்டு பத்து, ஏழு, அதாவது 1927. ஆனால் அந்த நிலை வேறொரு வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்ததாக இருக்கலாம். பயன்படாத துளை, எதற்கும் பொருந்தாத கொழுத்து (மரப் பொருத்து) வெட்டு, சுவரைவிட அகலம் குறைந்த கட்டை ஆகியவை அதற்கு அடையாளம்.

அளவெடுத்தல்

தேவையானவை: 30 மீட்டர் டேப், 5 மீட்டர் டேப், தூக்குக்குண்டு, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல், கட்டம் போட்ட நோட்டு, இரண்டு ஆள். லேசர் மீட்டர் இருந்தால் வேலை சுருங்கும். ஆனால் வெயிலில், தொட்டிக்குள் அதன் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. டேப் இல்லாமல் போகாதீர்கள்.

எல்லாவற்றையும் அடி, அங்குலத்தில் எடுங்கள். இந்த வீடுகள் அடிக்கணக்கில் நினைத்துக் கட்டியவை. மீட்டரில் எடுத்தால் கட்டியவரின் கணக்கு மறைந்துவிடும். ஒவ்வோர் அறைக்கும் நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டமும் எடுக்க வேண்டும். பழைய அறை எதுவும் முழுச் சதுரமாக இராது. மூலைவிட்டம் இல்லாமல் வரைந்தால் படம் வீட்டு மூலையில் வந்து சேராது. ஒவ்வொரு வாசலிலும் சுவர்த் தடிப்பை எழுதுங்கள். மண் சுவர் 18 முதல் 24 அங்குலம் இருக்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் 14 அல்லது 18 அங்குலம். 9 அங்குலச் சுவர் வந்தால் அது பின்னால் சேர்த்தது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

உள்ளளவு இன்னொரு சங்கதி சொல்லும். மனையடி சாஸ்திரம் பார்த்துக் கட்டியவர்கள் அறையின் உள்ளளவை 6, 8, 10, 11, 16, 17, 20, 21 அடி என்று நிறுத்துவார்கள். 7, 9, 13, 14 அடியைத் தவிர்ப்பார்கள். ஓர் அறை 13 அடி 3 அங்குலம் என்று வந்தால், பக்கத்து அறையின் அளவையும் இடையிலுள்ள சுவர்த் தடிப்பையும் கூட்டிப் பாருங்கள். பல வீடுகளில் கூட்டுத்தொகை 21 அல்லது 27 அடியில் வந்து நிற்கும். நடுச் சுவர் பிறகு வந்தது என்பதற்கு இது நல்ல தடயம். பூச்சுக் கனம் பக்கத்துக்கு முக்கால் அங்குலம் வரை மாறும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டத்தை மறக்கக் கூடாது. டியூப் லெவலை வைத்து வாசல், திண்ணை, ஆசாரம், தொட்டியின் அடி, சலதாரை (தண்ணீர் வெளியேறும் கால்வாய்) வெளியே விழும் இடம் என ஐந்து இடத்து உயரத்தையும் எடுங்கள். தொட்டியின் தண்ணீர் வெளியேற 10 அடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் வேண்டும். ரோடு உயர்ந்து, வாசலில் மண் ஏறி, சலதாரை வாய் தொட்டியைவிட மேலே போய்விட்ட வீடுகள் ஏராளம். பாகச் சுவர் சலதாரையின் குறுக்கே விழுந்து, ஒரு பங்காளியின் தண்ணீர் இன்னொருவர் அடித்தளத்தில் இறங்கும் வீடுகளும் உண்டு. மற்ற எந்தப் பழுதையும் தொடும் முன் இதைத் தீர்க்க வேண்டும்.

வரைபடத்தைக் கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற அளவில் போடுங்கள். தரைப்படம் ஒன்று, தொட்டி வழியாகக் குறுக்கே வெட்டிய படம் ஒன்று, கூரைப்படம் ஒன்று போதும். குறுக்கு வெட்டுப் படம்தான் முக்கியம். மோட்டுவளை (கூரை முகடு) உயரம், இறவாரம் (கூரை ஓரம்) எவ்வளவு வெளியே நீள்கிறது, அட்டாலி எங்கே என்பதெல்லாம் அதில்தான் வரும்.

பொருள்கள் சொல்லும் வயது

கூரையிலிருந்து தொடங்குங்கள். குயவர் சக்கரத்தில் வனைந்ததுபோல் வளைந்த, கைக்கு அடங்கும் நாட்டு ஓட்டுக்கு ஊர்க் குயவர்தான் ஆதாரம். அதில் காலம் கண்டுபிடிப்பது கடினம். சீமை ஓடு, அதாவது ஆலையில் செய்த மங்களூர் ஓடு, அப்படியல்ல. சுவிட்சர்லாந்துக் கிறித்தவ அமைப்பான பாசல் மிஷன் மங்களூரில் ஜெப்புவில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1865-ல். சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கரைக்குப் போகும் ரயில் பாதை 1860-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டதால், மேற்குக் கரை ஓடு இங்கே வந்து இறங்க வழி திறந்தது. ஆகவே சீமை ஓட்டுக் கூரை எதுவும் 1865-க்கு முந்தியதாக இருக்க முடியாது.

ஓட்டைத் திருப்பி அடிப்பக்க முத்திரையைப் படியுங்கள். இங்கே எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. முத்திரையில் 1865 என்று இருந்தால் ஓடு 1865-ல் வார்த்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஆலை தொடங்கிய வருஷம். ஆலை ஓடிய காலமெல்லாம் அதே வருஷத்தைத்தான் பதித்தார்கள். முதல் உலகப் போரை அடுத்து பாசல் மிஷனின் ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போயின. அந்தப் பெயர் இருந்தால் 1919-க்குப் பிந்தியது. ஒரே கூரையில் நான்கு ஆலையின் ஓடு கலந்திருப்பது வழக்கம். குரங்கும் தேங்காயும் உடைத்ததற்கு மாற்றாகப் போட்டவை. கூரையின் நடுவில், எளிதில் உடையாத இடத்திலிருந்து பத்து ஓட்டை எடுத்துப் பாருங்கள். அதிகம் காணப்படும் முத்திரைதான் கூரை போட்ட காலத்துக்கு நெருக்கமானது.

மரத்தைத் தொட்டுப் பாருங்கள். கைமரத்தின் (ஓட்டைத் தாங்கும் சாய்சட்டத்தின்) பக்கவாட்டில் வாய்ச்சியால் செதுக்கிய சிறு சிறு பள்ளங்கள் இருந்தால் கைவேலை. நேராக, இடைவெளி சீரில்லாத சாய்கோடுகள் இருந்தால் இரண்டு ஆள் இழுத்த ரம்பம். வில்போல் வளைந்த, சீரான கோடுகள் இருந்தால் மில்லில் வட்ட ரம்பத்தில் அறுத்தது. பனங்கை (பனைமரச் சட்டம்) கைமரமாக இருந்தால், கறுத்து வைரம் பாய்ந்த வெளிப்பக்கம் எது, சோறு உள்ள பக்கம் எது என்று பாருங்கள். சோற்றுப்பக்கம் மேலே வைத்தவை கரையானுக்கு முதலில் போகும். ஆணி இன்னொரு சாட்சி: சதுரத் தண்டு, நுனிவரை மெலிந்து, தலை கோணலாக இருந்தால் ஊர்க் கொல்லர் அடித்தது, உருண்டைத் தண்டு கம்பி ஆணி பிந்தியது.

விட்டத்துக்குப் பதிலாக இரும்பு உத்தரமோ பழைய தண்டவாளமோ இருந்தால் நல்லது. அதன் பக்கவாட்டில் ஆலைப் பெயர் உருட்டப்பட்டிருக்கும். தண்டவாளத்தில் வருஷமும் இருக்கும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, சுண்ணாம்புக்கட்டியைக் குறுக்கே பூசினால் எழுத்து எடுப்பாகத் தெரியும். ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலை உருக்கு வார்க்கத் தொடங்கியது 1912-ல். தண்டவாளம் முதலில் ரயிலுக்கு உழைத்து, பிறகு ஏலத்தில் வந்தது என்பதால் அதிலுள்ள வருஷத்துக்கு இருபது, முப்பது வருஷம் கழித்தே வீட்டுக்கு வந்திருக்கும்.

சாந்தைச் சோதிக்க எலுமிச்சைச் சாறு போதும். பூச்சுக்கு அடியிலிருந்து மூட்டுச் சாந்தைக் கொஞ்சம் சுரண்டி, சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்தது. நுரைக்காமல் சேறாகக் கரைந்தால் மண் சாந்து. சாம்பல் நிறமாக, கத்தி நுனிக்கு அசையாமல் இருந்தால் சிமெண்டு. மதுக்கரையில் 1930-களிலும் சங்ககிரியில் 1963-லும் சிமெண்டு ஆலைகள் வந்தன. கிராமத்துத் தோட்ட வீட்டில் சிமெண்டு தாராளமாக இருந்தால் அந்தப் பகுதி சுதந்திரத்துக்குப் பிந்தியது என்று எடுத்துக்கொள்வது பெரும்பாலும் தவறாகாது. மின்கம்பி மரப்பட்டியில் ஓடி, பீங்கான் பொத்தான் இருந்தால் மின்சாரம் வந்த முதல் அலையைச் சேர்ந்தது. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது, நீர்மின் நிலையம் 1937-ல் ஓடத் தொடங்கியது. கம்பிகள் அதற்கு அப்புறம்தான் ஊர் ஊராக நீண்டன.

இரண்டு சுவர் சேரும் மூலையில் மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாக விரிசல் இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு காலத்துச் சுவரோடு இன்னொரு காலத்துச் சுவரைப் பல் கோக்காமல் ஒட்டவைத்த இடம் அது. வீட்டின் வளர்ச்சியை அந்த விரிசல்களை வைத்தே படத்தில் நிறம் பிரித்துக் காட்டிவிடலாம்.

காகிதங்கள்

வீட்டைவிடப் பத்திரங்கள் அதிகம் பேசும், எப்படிக் கேட்பது என்று தெரிந்தால். முதலில் நிலத்தின் சர்வே எண்ணைப் பட்டாவிலிருந்து எடுத்து, கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் பழைய சர்வே எண்ணையும் புல வரைபடத்தையும் வாங்குங்கள். பழைய வரைபடத்தில் அளவு லிங்க்ஸில் இருந்தால் 100 லிங்க்ஸ் 66 அடி. அதாவது ஒரு லிங்க் ஏறக்குறைய 8 அங்குலம். கிணறும் வண்டிப்பாதையும் அதில் குறித்திருக்கும். வீடு கிராம நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) இருந்தால் இந்த வழி பலன் தராது. பத்திரத்தைத்தான் நம்ப வேண்டும்.

வில்லங்கச் சான்று இணையத்தில் 1975 முதல் கிடைக்கிறது. அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையெழுத்துப் பதிவேட்டில் தேட வேண்டும். எந்த அலுவலகம் என்பதில் கவனம் தேவை. தர்மபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டங்கள். திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்துப் பழைய காகிதம் 'சேலம் ஜில்லா' என்றுதான் இருக்கும். அலுவலக எல்லைகளும் மாறியிருக்கும். அண்டைக் கிராமத்துக்குரிய அலுவலகத்திலும் கேளுங்கள்.

பத்திரத்தில் பார்க்க வேண்டியது சொத்து விவரத்தின் கடைசி வரிகள். செக்குபந்தியில் (நான்கெல்லை விவரத்தில்) கிழக்கே இட்டேரி (வேலிகளுக்கு இடையிலான பாதை), வடக்கே பங்காளி பாகம் என்று எல்லை சொன்ன பிறகு, 'அதில் கட்டியுள்ள கூரை வீடு' என்றோ, 'நாட்டு ஓட்டு வில்லை வீடு' என்றோ, 'சீமை ஓட்டு வில்லை வீடு' என்றோ வரும். 1904-ன் பாகப்பிரிவினையில் கூரை வீடு, 1931-ன் அடமானத்தில் சீமை ஓட்டு வீடு என்று இருந்தால், ஓடு மாறிய காலம் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. கூரை, மரம், முத்திரை சொன்னதோடு இதை வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் சந்தேகமில்லை.

தேதிகளை மாற்றும் கணக்கு: பசலியோடு (வருவாய்க் கணக்கு ஆண்டோடு) 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு, பசலி ஜூலை 1-ல் பிறக்கும். பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பிரபவ 1867, 1927, 1987 ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முத்திரைத்தாளின் விலை, பசலி, சாட்சி போட்டவரின் தலைமுறை எதையாவது சேர்த்துப் பாருங்கள்.

பெரியவர்களிடம் வருஷம் கேட்டால் தெரியாது என்பார்கள். நிகழ்ச்சி கேளுங்கள். "அம்மாயி, நீங்க கல்யாணமாகி வந்தப்ப இந்தத் தாவாரம் இருந்துச்சுங்களா?" "மேட்டூர் அணை கட்டுறதுக்கு முன்னாடியே ஓடு போட்டுட்டாங்களாங்க?" "கரண்டு வந்தது அய்யனுக்குக் கல்யாணம் ஆனதுக்கு முன்னாலயா?" இப்படிக் கேட்டால் விடை நறுக்கென்று வரும். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டன் காலத்துக் கதை வந்தால் அது 1876-77-ஐ ஒட்டியது.

ஈரமும் சுவரும்

பழைய தோட்டத்து வீடுகளைக் கொல்வதில் முதலிடம் சிமெண்டுப் பூச்சுக்குத்தான். மண் சுவரும் சுண்ணாம்புச் சுவரும் தரை ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் வெளியே விட்டுவிடும். வெளிப்புறம் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். மூன்று, நான்கு அடி உயரத்தில் உப்புப் பூக்கும். உள்ளே மண் குழைந்து வலுவிழக்கும். வெளியே பார்த்தால் சுவர் பளபளப்பாக இருக்கும். தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். ஒருநாள் பூச்சு பாளம் பாளமாக, பின்னாலிருந்த மண்ணையும் இழுத்துக்கொண்டு விழும்.

சரிசெய்யும் வரிசை: சலதாரையைத் திறந்து, வீட்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு ஏறிய மண்ணை வெட்டி எடுத்து, தரைமட்டம் வீட்டு உள்தரையைவிட ஒன்றரை அடி தாழ்வாக இருக்கும்படி கொண்டுவாருங்கள். அஸ்திவாரக் கல்லுக்குக் கீழே போகாதீர்கள். அடுத்து சிமெண்டுப் பூச்சை ஈரம் ஏறிய உயரத்துக்கு மேலும் ஓரடி வரை உளியால், சுவரில் அடிபடாமல் கழற்றுங்கள். பிரேக்கர் மெஷின் வேண்டாம். மண் சுவர் அதிரும். ஒரு முழுக் கோடைக்குச் சுவரைத் திறந்து காயவிடுங்கள். அவசரப்பட்டு மேலே பூசினால் உப்பு மறுபடி வரும்.

மண் சுவரின் குழிகளைச் சிமெண்டுக் கலவையால் அடைக்கக் கூடாது. அதே மண்ணில் பச்சைக்கல் (சுடாத கல்) செய்து, சுவரை நனைத்து, மண் சாந்தில் பதிக்க வேண்டும். மண்ணைச் சோதிக்க ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒருநாள் வையுங்கள். அடியில் மணல், மேலே வண்டல், அதற்கும் மேலே களி படியும். களி மொத்தப் படிவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் காயும்போது வெடிக்கும், மணல் சேருங்கள். மண்ணோடு விரலளவு நறுக்கிய வைக்கோலை மிதித்துக் கலந்து, மூன்று நான்கு நாள் ஈரச்சாக்கு போட்டுப் புளிக்க வைத்த பிறகு பயன்படுத்துங்கள்.

மேல்பூச்சுக்குச் சுண்ணாம்பு. இங்கே சேலத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்று: நகருக்கும் ஏற்காட்டு அடிவாரத்துக்கும் நடுவில் கிடைக்கும் வெள்ளைக்கல்லைச் சுண்ணாம்புக்கல் என்று நினைத்து யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அது மாக்னசைட். வெள்ளைக்காரர்கள்கூட அதைப் பார்த்துச் சுண்ணாம்புக் குன்று என்று பெயர் வைத்தார்கள். உலை வேலைக்கு உயர்ந்த கல் அது. நீற்றிப் பூச உதவாது.

சூளையிலிருந்து வந்த கட்டிச் சுண்ணாம்பை, ஈரம் படாத மூட்டையாக வாங்குங்கள். தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பு. இதைத் திருப்பிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை இல்லாமல் நிற்காதீர்கள், குழந்தைகளை அருகே விடாதீர்கள். நீற்றியதைச் சல்லடையில் வடித்து, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது 15 நாள் ஊறவிடுங்கள். ஒரு மாதம் என்றால் இன்னும் நல்லது. சரியாக நீறாத துணுக்கு உள்ளே இருந்தால் பூசி மூன்று மாதம் கழித்துக்கூடச் சுவரில் பொரிப்பொரியாக வெடிக்கும்.

செங்கல் அல்லது கல் சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக் களி (ஊறிய சுண்ணாம்பு விழுது), இரண்டரை முதல் மூன்று பங்கு மணல் கலந்து அரை அங்குலக் கனத்தில் முதல் பூச்சு. மண் சுவருக்கு முதலில் ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு மணல், வைக்கோல் கலந்த மண் பூச்சு. அது காய்ந்து மேலே கீறிவிட்ட பிறகு கால் அங்குலத்துக்கு மிகாமல் சுண்ணாம்புப் பூச்சு. மெருகுப் பூச்சுக்குச் சலித்த மணலும் சுண்ணாம்புக் களியும் சம பங்கு. கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு ஊறவைத்த தண்ணீரைக் கலவைக்கு விடும் வழக்கம் உண்டு. நல்லதுதான், ஆனால் வெல்லம் மிஞ்சினால் எறும்பு மொய்க்கும், இறுகவும் தாமதமாகும். இரண்டடிக்கு இரண்டடிச் சதுரம் ஒன்றில் பூசி இரண்டு வாரம் பார்த்த பிறகே முழுச் சுவரைத் தொடுங்கள். ஏப்ரல், மே வெயிலில் பூசக் கூடாது. பூசினால் ஈரச்சாக்கு தொங்கவிட்டுப் பத்து நாள் நிழல் காட்ட வேண்டும். வேகமாகக் காய்ந்த சுண்ணாம்பு மயிரிழை விரிசலோடு மாவாக உதிரும்.

சாய்வான விரிசல்களுக்கு அவசர வைத்தியம் செய்ய வேண்டாம். விரிசலின் இரு பக்கமும் பென்சில் புள்ளி வைத்து, இடைவெளியையும் தேதியையும் சுவரிலேயே எழுதி, மாதம் ஒருமுறை அளந்து ஒரு மழையும் ஒரு கோடையும் கடக்கட்டும். அசையாத விரிசலை அடைக்கலாம். மேலே அகன்று கீழே குறுகினால் கைமரங்கள் சுவரை வெளியே தள்ளுகின்றனவா, மூலைக் கல் இறங்குகிறதா என்று பாருங்கள். அங்கே பொறியாளர் வேண்டும்.

கூரை

ஓட்டைக் கழற்றிக் கான்கிரீட் போடலாமா என்பதுதான் பலர் கேட்பது. கணக்கைப் பாருங்கள். நாலரை அங்குலக் கான்கிரீட் ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறத்தாழ 2.7 டன். சீமை ஓடும் மரமும் சேர்த்து அரை டன்னைச் சற்று தாண்டும். நான்கைந்து மடங்கு பாரத்தை அந்தச் சுவருக்கோ அஸ்திவாரத்துக்கோ யாரும் கேட்டுக் கட்டவில்லை. வேண்டாம்.

சீமை ஓடு ஒரு சதுரத்துக்குச் சுமார் 140 பிடிக்கும். உடைவுக்குப் பத்தில் ஒன்று கூட வாங்குங்கள். பழைய ஓட்டை மறுபடி போடலாம். விரலால் சுண்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். ஐயமிருந்தால் வெயிலில் நன்றாகக் காயவைத்து எடைபோட்டு, ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடைபோடுங்கள். எடை ஐந்தில் ஒரு பங்கு கூடினால் ஒதுக்குங்கள்.

ரீப்பர் (ஓடு தொங்கும் குறுக்குச் சட்டம்) இடைவெளியை வாய்க்கணக்கில் அடிக்கக் கூடாது. ஆலைக்கு ஆலை ஓடு கொஞ்சம் மாறும். வாங்கிய ஓட்டில் பத்தைத் தரையில் பொருத்தி அடுக்கி, முதல் ஓட்டின் கொக்கியிலிருந்து பத்தாவது ஓட்டின் கொக்கி வரை அளந்து ஒன்பதால் வகுங்கள். அதுதான் இடைவெளி. கால் அங்குலம் தப்பினாலும் பத்து வரிசையில் ஓடு உட்காராது, மழை பின்னோக்கி ஏறும். சமவெளியில் ஓரடிக்கு ஆறு அங்குலம் உயரும் சரிவு போதும். அதற்குக் குறைந்தால் சாரல் உள்ளே வரும்.

ஒழுகுவது பெரும்பாலும் ஓடு உடைந்த இடத்தில் அல்ல, கூடல்வாயில். தொட்டியைச் சுற்றிய கூரைகள் சேரும் நான்கு மூலையிலும் தண்ணீர் குவியும். அங்கே இரண்டடி அகலத் தகடு ஒன்றை ஓட்டுக்கு அடியில் இருபுறமும் ஏற்றி வளைத்துப் போடுங்கள். தகட்டின் நடுவில் ஆணி அடிக்கக் கூடாது. சிமெண்டு வைத்து அடைத்தால் வெயிலில் வெடித்து, அந்த விரிசல் தண்ணீரைக் கைமரத்துக்குள் கொண்டுபோய் விடும்.

விட்டத்தின் சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் அழுகும். குத்தூசியால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்குமேல் எளிதாக இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி அதே மரத்தில் ஒட்டுப் போட வேண்டும். புதிய முனையைச் சுற்றி அரை அங்குலம் காற்று இருக்கும்படி விட்டு, அடியில் கருங்கல் பலகை வையுங்கள். பனங்கைக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது இன்றும் சிறந்த காப்பு; தோலைப் பொசுக்கும், கையுறை வேண்டும்.

மலைமேல்

சேர்வராயன் மலையில் வீட்டுக் கணக்கு வேறு. காப்பி 1820-களில், அன்றைய சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டுக்கு வந்தது. தோட்ட பங்களாக்கள் அதற்குப் பின் வந்தவை. மலையாளி என்ற மலைவாழ் பழங்குடியினர் ஊர்களின் மூங்கில், மண், புல் வீடுகளின் கட்டுமுறை அதைவிடத் தொன்மையானது. இங்கே சுவர் கருங்கல், பெரும்பாலும் மண் சாந்து. மழையும் பனியும் சமவெளியைவிட அதிகம் என்பதால் கூரைச் சரிவு ஓரடிக்கு எட்டு, ஒன்பது அங்குலம் வேண்டும். மலைச்சரிவின் மேற்பக்கச் சுவர்தான் எப்போதும் ஈரமாக இருக்கும். அங்கே சுவரிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வீட்டைச் சுற்றித் திருப்பிவிடாமல் எந்தப் பூச்சும் நிற்காது. கணப்பின் (குளிர்காயும் அடுப்பின்) புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்தில் தகடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அறைகளை ஆண்டு முழுதும் பூட்டிவைத்தால் தேக்கும் பூஞ்சணம் பிடிக்கும். வாரம் ஒருநாளாவது ஜன்னல் திறக்க ஆள் வையுங்கள்.

வேலைக்கான மாதங்கள்: சமவெளியில் ஓட்டு வேலையை மார்ச்சுக்குள் முடியுங்கள், சுவர் காயவிடுவது கோடை முழுதும், சுண்ணாம்புப் பூச்சு ஜனவரி, பிப்ரவரி. ஐப்பசி மழையில் ஒருநாள், மழை பெய்துகொண்டிருக்கும்போதே, வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, ஒழுகும் ஒவ்வோர் இடத்தையும் தேதி போட்டுச் சிவப்புப் பேனாவில் குறியுங்கள். அடுத்த ஆண்டு வேலைப் பட்டியல் அதுதான்.